ஹப் நட்டை எவ்வளவு இறுக்குவது? டர்பனில் பழைய பக்கியும் ட்ரெய்லரும் வைத்திருப்பவர்களுக்கு

ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக்கில், இப்போது கரியேகா என்று பெயர் மாறிய ஊரில், செய்த வண்டி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். பின்சக்கரத்தின் டஸ்ட் கேப்பைத் தட்டிக் கழற்றினால் அங்கேயும் ஒரு நட் இருக்கும். முன்னால் இருப்பதை 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டும். அதே இறுக்கத்தைப் பின்னால் கொடுத்தால் பேரிங் சில கிலோமீட்டரிலேயே வெந்துவிடும். பின்னால் விடுகிற சின்ன ஆட்டத்தை முன்னால் விட்டால் முன்பேரிங் பிரிந்து அரைபடும்.

பழைய வண்டி வாங்கி, வேலையைத் தானே செய்து பழக நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம். அதன் நடுவில் இருக்கும் ஹப் நட் இரண்டு வகை வேலை செய்கிறது. ஒரு வகை ஹப்பில் அது பேரிங்கின் இடைவெளியை அமைக்கிறது. இன்னொரு வகையில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அழுத்துகிறது. எந்த வகை என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்கவே கூடாது. சக்கரத்தை ரிம்மோடு பிடிக்கும் நாலைந்து வீல் நட்டுகள் வேறு கதை, அவற்றை இங்கே நான் பேசவில்லை.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இழுக்கப்படும் சக்கரமா, இன்ஜின் சுழற்றும் சக்கரமா என்று பாருங்கள். ட்ரெய்லர், சிட்டி கோல்ஃபின் பின்சக்கரம், நிசான் 1400 பக்கியின் (பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ள சிறு வண்டி) முன்சக்கரம் எல்லாம் தானாக உருளுபவை. அவற்றில் பெரும்பாலும் கூம்பு உருளை பேரிங் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக உட்கார்ந்திருக்கும். நட்டின் குறுக்கே ஸ்பிளிட் பின், அதாவது நட் கழலாமல் முனையை மடக்கிப் பூட்டும் கம்பி ஊசி, போயிருக்கும். சும்மா கையால் திருப்பும் அளவுக்கு அந்த நட் இளகி இருந்தால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். முன்சக்கர இயக்கம் உள்ள கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் நுனி ஹப்பைத் துளைத்து வெளியே வரும். அதன் மேல் 30 அல்லது 32 அல்லது 36 மில்லிமீட்டர் நட் கடும் இறுக்கத்தில் இருக்கும். அது பிடித்து அழுத்துகிற வகை. புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக வந்து மூன்று நாலு போல்ட்டில் மாட்டிக்கொள்ளும். அதில் நாம் அமைக்க ஒன்றும் இல்லை. கெட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பேரிங்குக்குள் நடப்பது

கூம்பு உருளை பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்றார். அப்போது அவர் குதிரை வண்டி செய்பவர். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழும் சுமைதான் அவருடைய கவலை. நேர் உருளை மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. உருளையைச் சாய்த்துக் கூம்பாக்கினால் இரண்டையும் தாங்கும். சாய்வு இருப்பதாலேயே, மேலிருந்து எடை விழும்போது பேரிங் பக்கவாட்டிலும் நழுவப் பார்க்கும். அதனால் அது தனியாக நிற்காது. எதிர்ப்பக்கம் பார்த்த இன்னொன்று வேண்டும். இரண்டையும் எவ்வளவு நெருக்கிவைப்பது என்பதை நட் தீர்மானிக்கிறது.

ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரை வைத்துப் பாருங்கள். லேசாக வைத்தால் சுழலும், அழுத்தினால் இறுகிக்கொள்ளும். உள்ளே இருப்பது கோன், வெளியே இருப்பது கப், நடுவில் உருளைகள். நட்டைத் திருப்பத் திருப்பக் கோன் கப்புக்குள் ஏறுகிறது. முதலில் ஆட்டம் குறைகிறது. பிறகு ஆட்டமும் இல்லை அழுத்தமும் இல்லை என்ற நிலை வருகிறது. அதையும் தாண்டினால், சுமை எதுவும் ஏறாமலே உருளைகள் நசுங்கி அழுத்தத்தில் நிற்கும். அதுதான் பிரீலோட்.

லேசான பிரீலோட் நல்லதுதான். எடை எல்லா உருளைகளுக்கும் பரவும், பேரிங் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அந்த லேசான அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் ஆயுள் செங்குத்தாகச் சரியும். மறுபக்கம், கொஞ்சம் ஆட்டம் விட்டால் ஆயுள் மெதுவாகத்தான் குறையும். அதிக பிரீலோடில் உராய்வு கூடும், உராய்வு சூட்டைத் தரும், சூட்டில் உருளையும் கோனும் விரியும், விரிந்தால் இறுக்கம் இன்னும் கூடும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் கிரீஸ் உருகி ஓடும் வரை நிற்காது. கையால் அமைக்கும் ட்ரெய்லர் ஹப்பில் கொஞ்சம் ஆட்டத்தின் பக்கமே நிற்கச் சொல்வது இதனால்தான். வழக்கமாகச் சொல்லும் அளவு 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர்.

ட்ரெய்லர் ஹப்பை அமைப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சாட்ஸ்வொர்த் வீடுகள் பலவற்றில் முற்றமே சரிவு, அங்கே இந்த வேலை வேண்டாம். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஆக்சில் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விட வேண்டாம்.

டஸ்ட் கேப்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வெளியே எடுங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்துத் தூக்கிப் போடுங்கள். அதைத் திரும்பப் போடாதீர்கள், புதியதின் விலை ஒன்றுமே இல்லை. நட், வாஷர், வெளிப்பேரிங் என்ற வரிசையில் எடுத்துச் சுத்தமான துணியில் அதே வரிசையில் வையுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் ஒரு பக்கத்து நட் இடமரையாக இருக்கும். நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் மரை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காற்றடித்துச் சுழற்றாதீர்கள், கிரீஸ் இல்லாமல் வேகமாகச் சுழன்றால் உருளை தெறிக்கும். நல்ல உருளை சாம்பல் மினுமினுப்பில், ஒரே சீராக இருக்கும். வைக்கோல் நிறமோ நீலமோ ஓடியிருந்தால் அது வெந்த எஃகு, கடினம் போய்விட்டது. கப்பின் உள்பக்கத்தில் உருளைக்கு உருளை ஒரே இடைவெளியில் கறுப்புக் கோடுகள் இருந்தால் தண்ணீர் புகுந்து, வண்டி நின்ற இடத்திலேயே துரு கடித்திருக்கிறது. மேல்தோல் பொரிந்து சின்னக் குழிகள் விழுந்திருந்தாலும் போனதுதான். கோனை மாற்றினால் கப்பையும் மாற்றுங்கள், இரண்டும் ஒரே ஜோடி. எண் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். எல்எம்11949 என்று இருந்தால் அது 19.05 மில்லிமீட்டர் துளையுள்ள கோன். ஸ்பேர்ஸ் கடையில் வண்டியின் பெயரைச் சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்வது மேல். ட்ரெய்லர் ஆக்சிலை யார் எங்கே எதை வைத்துச் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

புதிய கப்பைப் பித்தளைக் கோலால் தட்டி ஏற்றும்போது காதைக் கொடுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் வரை சத்தம் மழுங்கலாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் சட்டென்று கணீர் என்று மாறும். அந்த மாற்றம் கேட்காமல் நிறுத்தினால், பிறகு ஓட்டத்தில் கப் மெல்ல உள்ளே நகர்ந்து நீங்கள் அமைத்த இடைவெளியெல்லாம் பாழாகும்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, எதிர்ப்பக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கும் வரை நிரப்ப வேண்டும். மேலே பூசுவது போதாது. வீல் பேரிங்குக்கென்று விற்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் போதும். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள். ஹப்பின் வயிற்றை முழுவதும் கிரீஸால் அடைக்கவும் வேண்டாம், சூட்டில் விரிய இடம் வேண்டும். உள்பேரிங், புதிய ஆயில் சீல், பிறகு ஹப்பை ஆக்சில் முனையில் நேராக ஏற்றுங்கள். வெளிப்பேரிங், வாஷர், நட்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒரு கையால் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் டார்க் ரெஞ்சில், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரில், நட்டை இறுக்குங்கள். அளவு கையேட்டில் இருப்பது, பொதுவாக 25க்கும் 70க்கும் இடையில் ஏதாவது ஒரு நியூட்டன் மீட்டர். சுழற்றாமல் இறுக்கினால் உருளைகள் கோணலாக நிற்கும், நட் இறுகிவிட்டதாகப் பொய் சொல்லும். சுழலும்போது ஒவ்வொரு உருளையும் நழுவி, அதன் தடித்த முனை கோனின் விளிம்பில் போய்ச் சாய்ந்து உட்காரும். இந்த இறுக்கம் உருளைகளை உட்கார வைக்க மட்டுமே, இது கடைசி இறுக்கம் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திப் பின்னைக் குத்திவிடுகிறார்கள், ட்ரெய்லர் ஹப்புகள் வேகும் காரணங்களில் இது பெரியது.

ஆகவே நட்டை முழுவதுமாகத் தளர்த்துங்கள், ஹப்பை நகரவிடாதீர்கள். பிறகு வெறும் விரலால் நட்டைத் திருப்பி, தொட்டு நிற்கும் இடத்தில் விடுங்கள். ஸ்பானர் வேண்டாம். ஸ்பிளிட் பின் போகும் துளை, நட்டின் விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளம் ஒன்றுக்கு நேராக வந்தால் சரி. வராவிட்டால் இறுக்கும் பக்கம் போகாமல், தளர்த்தும் பக்கம் அடுத்த பள்ளத்துக்குத் திருப்புங்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால், ஆறு பள்ளம் உள்ள நட்டில் ஒரு பள்ளம் என்பது 60 பாகை, அதாவது கோன் 0.25 மில்லிமீட்டர் நகர்கிறது. நாம் விட நினைக்கும் ஆட்டமே அதிகபட்சம் 0.125தான்! அதனால்தான் நல்ல ஆக்சில்களில் பின்னுக்கு இரண்டு துளைகள், செங்கோணத்தில் குறுக்குக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். அப்போது 30 பாகைக்கு ஒரு நிலை கிடைக்கும், 0.125 மில்லிமீட்டர். சிட்டி கோல்ஃபின் பின்பக்கத்தில் சாதாரண அறுகோண நட்டின் மேல் பள்ளமுள்ள ஒரு தகட்டு மூடி வரும். மூடியைக் கழற்றி வேறு முகத்தில் வைத்தால் பள்ளம் வேறு இடத்தில் விழும். நட்டை நகர்த்தாமலே துளைக்கு நேராகப் பள்ளம் கொண்டுவரலாம்.

அந்த வண்டிக்கென்றே ஒரு அருமையான சோதனையும் உண்டு. நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை ஸ்குரூடிரைவர் நுனியால் தள்ளிப் பார்ப்பது. நெம்பாமல், முறுக்காமல், விரல் பலத்தில் தள்ளினால் வாஷர் அப்படியும் இப்படியும் கொஞ்சம் நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். தானாகவே கலகலவென்று ஆடினால் தளர்வு அதிகம். ஆட்டத்தை முள்ளால் காட்டும், காந்த அடியுள்ள டயல் கேஜ் உங்களிடம் இருந்தால் ஹப்பை உள்ளே தள்ளி வெளியே இழுத்து அளவாகவே படித்துக்கொள்ளலாம். இல்லாத வீட்டில் இந்த ஸ்குரூடிரைவர் சோதனை போதும்.

பிடித்து அழுத்துகிற நட்

முன்சக்கர இயக்கக் கார்களில், டொயோட்டா டாஸ் போன்றவற்றிலும்தான், முன்பேரிங் இரண்டு வரிசைக் குண்டுகளோடு ஒரே வெளிவளையத்துக்குள் இருக்கும். உள்வளையம் மட்டும் இரண்டு துண்டு. அந்த இரண்டு துண்டுகளும் முகத்தோடு முகம் முட்டினால் குண்டுகளுக்கு எவ்வளவு பிரீலோட் கிடைக்க வேண்டுமோ அவ்வளவு கிடைக்கும்படி தொழிற்சாலையிலேயே அரைத்து அனுப்பியிருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவற்றைப் பிரியவிடாமல் முட்டவைத்துப் பிடிப்பது மட்டுமே. டிரைவ் ஷாஃப்ட்டின் தோளும் ஹப்பும் இரண்டு பக்கம் நெருக்க, நட் இழுத்துப் பிடிக்கிறது. போதுமான இறுக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் உள்வளையங்கள் சற்றே விலகிச் சேரும், ஹப்பின் மேல் வழுக்கித் தேயும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. “ஹம்” சத்தம் வந்த பேரிங்கை நட்டை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேய்ந்த உலோகத்தை நட் திருப்பித் தராது.

240 நியூட்டன் மீட்டர் என்பது எவ்வளவு பலம்? அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 49 கிலோ தொங்குவது. கைமணிக்கட்டு அதை அளக்காது. ஏர் கன்னும் அளக்காது. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடன் வாங்குங்கள், உங்கள் வண்டிக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். நட் புதியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் உதடு ஷாஃப்ட்டின் பள்ளத்தில் அடித்து மடக்கப்படும், அல்லது உள்ளே நைலான் வளையம் இருக்கும். இரண்டுமே ஒரு தடவைக்குத்தான். மரையைச் சுத்தம் செய்யுங்கள். கையேடு சொல்லாமல் எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் இருந்தால் அதே எண்ணில் இழுவிசை கூடிவிடும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. நட் தளர்ந்திருக்கும்போது வண்டியின் எடையை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கக் கூடாது, உருட்டவும் கூடாது. உள்வளையங்கள் பிரிந்து குண்டுகள் பாதையில் தடம் பதித்துவிடும். புதிய பேரிங்கே அன்றைக்கே சத்தம் போடும். சக்கரம் தூக்கிய நிலையில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீங்கள் முழு இறுக்கமும் கொடுத்து முடியுங்கள். பிறகுதான் தரை. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும், தலைகீழாகப் போட்டால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும்.

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்கப் பக்கியின் முன்பக்கம் மூன்றாவது வகை என்றே சொல்லலாம். கூம்பு பேரிங்தான், ஆனால் இரண்டு நட், நடுவில் மடக்குத் தகடு, 54 மில்லிமீட்டர் சாக்கெட். இங்கே ஆட்டம் விடுவதில்லை, லேசான பிரீலோட் வைக்கிறார்கள். அதை ஸ்பிரிங் தராசால் அளப்பார்கள். வீல் ஸ்டட்டில் கொக்கியை மாட்டி இழுத்து, ஹப் நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைக் கையேட்டோடு ஒப்பிடுவது. வெளிநட்டை இறுக்கும்போது அது உள்நட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளும், மரையில் இருக்கும் இடைவெளி அதற்குப் போதும். அதனால் வெளிநட் இறுகிய பிறகும் ஒரு தடவை இழுத்து அளக்க வேண்டும். கூடியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி. பொறுமை வேண்டிய வேலை, அவசரமாகச் சனிக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உடனே பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், ஏனென்றால் பிரேக் ஹப்பையும் அச்சையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட்டோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ. பிறகு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வையுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு காதுக்குக் கேட்பதற்கு முன் அந்த ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். ஓட்டும்போது, காலியான சாலையில் இடப்பக்கம் லேசாக வளைத்தால் சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அமைத்து முடித்த ட்ரெய்லரை 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கைத் தொடாமல் வந்து நிறுத்தி, ஹப்பில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் சுடுவதுதான் பெரிய அடையாளம். புதிய கப் போட்டிருந்தால் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

நம் ஊருக்கென்று சில

படகு ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்குக் கடல்தான் எதிரி. ஓடி வந்த சூட்டோடு ஹப்பைக் கடல் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீலின் உதடு வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸ் பாலாடை நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

ஈஸ்டர் சமயத்துத் திருவிழாவுக்கு இசிபிங்கோ ரயில் என்ற பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அண்டா, பந்தல் கம்பி, பாய் எல்லாம் ஏற்றிப் போகிற ட்ரெய்லர்களில் பல, வருஷத்தின் மீதி நாளெல்லாம் கொல்லையில் அசையாமல் நின்றவை. நின்ற வண்டியில் அடிப்பக்கத்து உருளைகளின் மேல்தான் எடை முழுவதும் இருக்கும், கடற்காற்றின் ஈரமும் அங்கேதான் சேரும். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தூக்கி, கழற்றி, கிரீஸ் மாற்றிவிடுங்கள். முந்தைய நாள் இரவு கழற்றினால் ஸ்பேர்ஸ் கடை மூடியிருக்கும்.

என்3 சாலையில் ஜோஹானஸ்பர்க் வரை இழுக்கிறவர்கள் ஒரு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்துக்கு வேண்டிய உள்பேரிங், வெளிப்பேரிங், ஏற்கெனவே கிரீஸ் நிரப்பிப் பிளாஸ்டிக்கில் சுற்றியது, ஒரு ஆயில் சீல், நாலைந்து ஸ்பிளிட் பின், அந்த நட்டுக்குச் சரியான ஸ்பானர், துணி. முடிந்தால் கப் அடித்து ஏற்றிய முழு ஹப் ஒன்றையே எடுத்துப் போங்கள், சாலையோரத்தில் கப் தட்டும் வேலை மிச்சமாகும். வான் ரீனன் கணவாய் ஏறியதும் வரும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நிற்கும்போது இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் ஏற்றமும் கணவாயும் ஏறி முடிந்திருக்கும், பாரத்தில் பேரிங் எப்படி உழைக்கிறது என்பது அங்கே கைக்குத் தெரிந்துவிடும்.